ஏலத்தில் பழைய எம்ஜிபி வாங்குவது எப்படி: பிரிட்டனில் கிளாசிக் கார் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 மே மாதம், 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு, கிளாசிக் கார் ஏலம் நமக்கானது இல்லை என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் போன்ற ஊர்களில் நடக்கும் ஏலங்கள் வேறு வகை. ஒரு பெரிய கொட்டகையிலும் அதன் வெளி முற்றத்திலும் மாரிஸ் மைனர், ட்ரையம்ஃப், எம்ஜி என்று கார்கள் வரிசையாக நிற்கும். ஒரு புதிய சிறிய காரின் விலையில் பாதிகூட இல்லாத தொகைக்கு அவை கைமாறும். இந்தக் கட்டுரை அந்த ஏலங்களைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலக் கூடத்தில் கை தூக்குவது இரண்டு நிமிட வேலை. எந்தக் கார், எவ்வளவு வரை என்ற இரண்டும் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

எந்தக் காரைத் தேடுவது

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது எம்ஜி நிறுவனத்தின் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் எந்த மாதமும் ஏதாவது ஓர் ஏலத்தில் சில எம்ஜிபிகள் நிற்கும். விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை அநேகமாக இல்லை. முழு உடற்கூட்டையே பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் புதிதாகச் செய்து தருகிறது. நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. இதன் என்ஜின், எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபியில் 1798 சிசி, நம் ஊர் அம்பாசடரில் 1489 சிசி. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வேலை பார்த்தவருக்கு எம்ஜிபி அந்நியமாகத் தெரியாது.

வகைகளைத் தெரிந்துகொள்ளாமல் ஏலப் பட்டியலைப் படிப்பதில் பயனில்லை. 1964 இறுதி வரை வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டைத் தாங்க மூன்று பேரிங், பிறகு ஐந்து. 1965இல் கூரையோடு கூடிய ஜிடி வந்தது. 1967 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் (மார்க் 2) முதல் கியருக்கும், கியரை உரசாமல் மாற்ற உதவும் சிங்க்ரோ கிடைத்தது. 1974 இலையுதிர் காலத்தில், அமெரிக்க விதிகளுக்காக, குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரைப் பொருத்தி, காரின் உயரத்தையும் கூட்டினார்கள். சந்தை இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. குரோம் பம்பர் கார்களுக்குத்தான் விலை. திறந்த ரோட்ஸ்டரைவிட ஜிடி மலிவு. உடல் நன்றாக இருக்கும் ஒரு ரப்பர் பம்பர் ஜிடியை என்னால் தயங்காமல் பரிந்துரைக்க முடியும். அழகுப் போட்டிக்கு அனுப்பப்போவதில்லை என்றால் ஓட்டுவதற்கு அது போதும்.

ஆண்டு 1980ஐத் தாண்டாததால் எல்லா எம்ஜிபிகளும் 40 வயதைக் கடந்துவிட்டன. ஆகவே ‘வரலாற்று வாகனம்’ என்ற வகையில் சாலை வரி இல்லை, ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, புகை மாசுக்கான லண்டனின் யூலெஸ் கட்டணமும் இல்லை. நகர மையத்தின் நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்ட கார் என்றால் எம்ஓடி விலக்கு பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

எந்த ஏலம்

கிங்ஸ் லின்னில் ஆங்கிலியா கார் ஆக்‌ஷன்ஸ், டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகத்தில் விற்பனை நடத்தும் ஹெச் அண்ட் ஹெச், குட்வுட் பந்தயத் திருவிழாக்களோடு சேர்த்து ஏலம் நடத்தும் பான்ஹாம்ஸ் என்று பல தட்டுகளில் நிறுவனங்கள் இருக்கின்றன. குட்வுட்டின் கூடாரத்தில் நிற்கும் கார்களுக்கு அந்தக் கூடாரத்தின் பெருமையும் விலையில் சேரும். எம்ஜிபி தேடுபவருக்கு அங்கே வேலையில்லை.

முதல் ஏலத்துக்குப் பார்வையாளராக மட்டும் போங்கள். கையில் பட்டியலையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, மதிப்பீட்டு விலைக்கு எதிரே விற்ற விலையையும், விற்காதவற்றுக்கு எதிரே கடைசியாகக் கேட்கப்பட்ட தொகையையும் எழுதுங்கள். காலையில் காரைப் பார்த்து நீங்கள் போட்ட மதிப்பும் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கணிப்புக்கும் சந்தைக்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும்.

இணையத்தில் மட்டும் நடக்கும் ஏலங்களும் பெருகிவிட்டன. படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒலியோடு வீடியோவும் இருக்கும். இருந்தாலும் விற்பவரிடம் நேரம் கேட்டு நேரில் போய்ப் பார்க்க முடியாத காரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். துருவை மணத்தாலும் தட்டினால் எழும் ஒலியாலும் கண்டுபிடிக்கும் சங்கதி நிறைய இருக்கிறது.

பட்டியலைப் படிக்கும் முறை

பட்டியல் விவரங்கள் பெரும்பாலும் விற்பவர் சொன்னதை வைத்து எழுதப்படுபவை. ஆகவே சொன்னதைவிடச் சொல்லாததைக் கவனிக்க வேண்டும். என்ஜின், கியர்பாக்ஸ், உள்ளலங்காரம் என்று பத்தி பத்தியாகப் புகழ்ந்துவிட்டு வெல்டிங் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், தரையில் படுத்துப் பார்க்க வேண்டிய கார் அது. ‘மைலேஜுக்கு உத்தரவாதமில்லை’ என்றிருந்தால் ஓடோமீட்டர் எண்ணுக்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள். ‘என்று நம்பப்படுகிறது’ என்று முடியும் வாக்கியத்துக்கு ஆவணம் இல்லை என்று பொருள். ‘மீண்டும் ஓட்டத்துக்குத் தயார்செய்ய வேண்டும்’ என்றால் கார் பல ஆண்டுகள் நின்றிருக்கிறது: பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், பெட்ரோல் டேங்க், டயர்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பெரும் தொகை செலவிடப்பட்டது’ என்ற வரிக்கு மயங்க வேண்டாம். எதற்கு, எப்போது, யார் செய்தது என்பதற்கு ரசீது இருக்க வேண்டும். 1994இல் செய்த முழுச் சீரமைப்புக்கு இப்போது மறுபடி சீரமைப்பு தேவைப்படலாம்.

பட்டியல் வந்ததும் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. அரசின் இணையதளத்தில் பதிவு எண்ணை இட்டால் 2005க்குப் பிந்தைய எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும். அதில் தேர்ச்சி, தோல்வி மட்டுமின்றி, சோதனையாளர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளும் மைலேஜும் இருக்கும். ‘பின்பக்க ஸ்பிரிங் பொருத்துமிடத்தில் அரிப்பு’ என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதியிருந்து, அதன்பின் கார் சோதனைக்கே போகவில்லை என்றால் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மோட்டார் வாகனத் துறையான டிவிஎல்ஏவின் தளத்தில் நிறம், முதல் பதிவு, வரி நிலை ஆகியவற்றைச் சரிபாருங்கள். சிறு கட்டணத்தில், கார் மீது கடன் நிலுவை உள்ளதா, திருட்டு வண்டியா என்றும் பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வி5சி எனப்படும் பதிவுச் சான்று காரின் உரிமைப் பத்திரம் அல்ல. வாகனத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதற்கான பதிவு மட்டுமே. அது இல்லாமல் விற்கப்படும் காரை முதல்முறை வாங்குபவர் தொடாமல் இருப்பது நல்லது.

பார்வை நாள்

இதுதான் முக்கியமான நாள். ஏலத்துக்கு முந்தைய நாளே போக முடிந்தால் போங்கள், கூட்டம் குறைவு. பழைய உடை, டார்ச், தரையில் விரிக்க ஒரு பாய், சிறிய கண்ணாடி, மெல்லிய துணி சுற்றிய காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான ஏலங்களில் காரை ஓட்டிப் பார்க்க அனுமதிக்க மாட்டார்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லலாம். அதுவும் ஊழியர் வரும் நேரத்தைப் பொறுத்தது.

எம்ஜிபிக்குத் தனியே சேசிஸ் சட்டகம் கிடையாது. உடலே தாங்குகிறது. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டிப் பகுதியை ‘சில்’ என்பார்கள். காரின் முதுகெலும்பு அதுதான். உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று பல அடுக்குகளால் ஆனது. உள்ளே துரு தின்றபின் வெளியே ஒரு புதுத்தகட்டைப் போர்த்தி வெல்டிங் அடித்து, பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்த கார்கள் ஏலத்துக்கு வரும். காந்தம் இங்கேதான் வேலை செய்யும். சில்லின் கீழ்விளிம்பு நெடுக நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடிமானம் விட்டால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது.

அடுத்தது கதவு இடைவெளி. கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. திறந்த ரோட்ஸ்டரில் இது அதிகம். தாங்குவதற்குக் கூரை இல்லை. கதவை மெதுவாகத் திறந்து, ஒரு விரலால் தள்ளி மூடிப் பாருங்கள். தொய்ந்த காரின் கதவைத் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கும்.

முன் மட்கார்டின் பின்பகுதி, அதாவது சக்கரத்துக்கும் கதவுக்கும் இடைப்பட்ட கீழ்மூலை, சேறு தங்கி அரிக்கும் இடம். கதவில் முக்கோணக் கண்ணாடியின் அடியில் தொடங்கும் ஒரு மயிரிழை விரிசல் எம்ஜிபிக்கே உரிய நோய். அது அச்சுறுத்தும் குறை அல்ல, ஆனால் பேரத்தில் கழிக்க வேண்டிய தொகை. இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கும். 1974 வரை அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்கார்ந்திருந்தன. ஆசிட் சிந்தி அந்தப் பெட்டிகள் ஓட்டையாவது வழக்கம், ஆனால் பார்வையாளர்கள் பலர் அந்த மூடியைத் திறப்பதே இல்லை. பிறகு பாயை விரித்துப் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பொருந்தும் இடத்தையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு கெட்டியாக அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நேர்மையான பழைய அழுக்கு அதைவிட மேல்.

என்ஜினுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை, ஏனென்றால் அது கெட்டாலும் செலவு ஒரு எல்லைக்குள் நிற்கும். உடல் கெட்டால் நிற்காது. பானெட்டைத் தொடுங்கள், நீங்கள் வருமுன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் சிக்கல் இருக்கலாம். ஓடும்போது நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நிற்காத வெண்புகை, என்ஜினின் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் பழுதானதையும் காட்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது குளிர்காலத்தில் மிகக் குறைந்த தூரமே ஓடியிருக்கலாம். மற்ற அறிகுறிகளோடு சேர்த்து முடிவெடுங்கள். கம்பிச் சக்கரம் உள்ள கார் என்றால், மையத்தில் உள்ள பற்கள் தேய்ந்து கூர்மையாகிவிட்டனவா என்று கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆழமான பட்டைகள் இருந்தாலும் 2009இன் டயர் என்றால் நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

எண்களை ஒப்பிடுங்கள். பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் உள்ள சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னெழுத்துகளில் ஜிஹெச்என் என்றால் ரோட்ஸ்டர், ஜிஹெச்டி என்றால் ஜிடி. அதனோடு எல் அல்லது யு சேர்ந்திருந்தால் இடது ஸ்டீயரிங்கோடு ஏற்றுமதியான கார். பின்னர் திரும்பி வந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். இது குறையென்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியா போன்ற வறண்ட மாநிலத்தில் வாழ்ந்த உடல், இங்கிலாந்தின் உப்புத் தெளித்த சாலைகளில் ஓடியதைவிட உறுதியாக இருக்கும். மாற்றும் வேலை ஒழுங்காக நடந்ததா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, அலுவலகத்தில் காரின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரசீதுகள், பழைய எம்ஓடி தாள்கள், சீரமைப்புப் படங்கள். வெல்டிங் நடக்கும்போது எடுத்த படங்கள் இருந்தால் அது பெரிய ஆறுதல். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் வழங்கும் பாரம்பரியச் சான்றிதழ் இருந்தால், கார் எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த என்ஜின் எண்ணோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பதும் தெரிந்துவிடும்.

உச்ச விலையைக் கணக்கிடுதல்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கப்போகும் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்தின்மேல் 20% வாட் வரி. கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இணையவழியாகக் கேட்டால் சில இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் இருப்பதை முழுக்கப் படியுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். உங்களிடம் மொத்தம் 10,000 பவுண்டு இருக்கிறது, கட்டணம் 12% என்று வைத்துக்கொள்வோம். லாரியில் ஏற்றிவர, காப்பீடு, டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்கு 1,500 ஒதுக்குங்கள். மீதி 8,500. கட்டணமும் அதன் வரியும் சேர்ந்து 14.4%. ஆகவே 8,500ஐ 1.144ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,430. கூடத்தில் உங்கள் கடைசி எண் 7,400. கையில் பத்தாயிரம் இருக்கிறதே என்று எட்டாயிரத்து ஐந்நூறுவரை போகிறவர், டயர் வாங்க அடுத்த சம்பளத்துக்குக் காத்திருப்பார்.

இந்த எண்ணைப் பட்டியலில் காரின் பெயருக்கு எதிரே மையால் எழுதிவிடுங்கள். பார்வை நாளில் கண்ட குறைகளுக்கு ஏற்பக் குறைக்கலாம். ஏல நாளில் கூட்டக் கூடாது.

ஏலம் நடக்கும்போது

அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்துப் பதிவு செய்தால் எண் அட்டை தருவார்கள். நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்கலாம், அல்லது உச்சத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

பல கார்களுக்கு விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை இரகசியமாக வைத்திருப்பார். அந்த விலை எட்டப்படும்வரை ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் தானே தொகையை ஏற்றிக்கொண்டு போகலாம். நிபந்தனைகளில் அறிவித்திருந்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. எனவே உங்களுக்கு எதிராகக் கேட்பவர் என்று நீங்கள் நினைப்பது ஆளே இல்லாத பின்சுவராகவும் இருக்கலாம். குறைந்தபட்ச விலை எட்டியதும் கார் விற்பனைக்கு வந்துவிட்டது என்று பொருள்படும்படி ஏலம் விடுபவர் சொல்வார். உண்மையான போட்டி அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை அவசரப்பட வேண்டியதில்லை.

மூக்கைச் சொறிந்தால் கார் தலையில் கட்டப்பட்டுவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. அட்டையைத் தெளிவாக உயர்த்துங்கள். போதும் என்றால் தலையை ஆட்டி மறுத்துவிடுங்கள். ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று நம் ஊர் ஏலத்தைப்போல இழுத்துக்கொண்டிருக்க மாட்டார். கார் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். 1979ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சுத்தியல் விழும்வரை கேட்டதைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நேரில் கலந்துகொள்ள வாய்ப்புள்ள பொது ஏலத்தில் வாங்கும் பழைய பொருளுக்கு, கடையில் வாங்குபவருக்குள்ள நுகர்வோர் பாதுகாப்புகளில் பெரும்பகுதி கிடையாது. 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இல்லை.

குறைந்தபட்ச விலையை எட்டாமல் கார் திரும்பிப் போனால் ஏமாற்றம் வேண்டாம். நேராக அலுவலகத்துக்குப் போய், இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். காரை மறுபடி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாத விற்பவர் மாலைக்குள் மனம் மாறுவது உண்டு. எனக்குத் தெரிந்தவரை நல்ல விலைகள் இப்படித்தான் அமைகின்றன.

வாங்கிய பிறகு

சுத்தியல் விழுந்த கணத்திலிருந்தே காரின் பொறுப்பு உங்களுடையதாகிவிடும் என்று பல நிறுவனங்களின் நிபந்தனைகள் சொல்கின்றன. ஆகவே காப்பீட்டை முன்பே பேசி வைத்து, அன்றே தொடங்குங்கள். கிளாசிக் கார்களுக்கென்றே உள்ள காப்பீட்டில், விபத்தில் முற்றிலும் சேதமானால் தரப்படும் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம். அதைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைக் குறித்த நாளுக்குள் வங்கி வழியாகச் செலுத்தாவிட்டாலும், காரை எடுக்காவிட்டாலும், கட்டணம் ஏறும்.

பதிவுச் சான்றிலிருந்து புதிய பொறுப்பாளருக்கான பச்சைச் சீட்டு கிடைக்கும். பழைய உரிமையாளரின் சாலை வரி உங்களுக்கு மாறாது. தொகை பூஜ்யம் என்றாலும் உங்கள் பெயரில் வரி பதிந்த பிறகே சாலையில் இறக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காத காரை நூறு மைல் ஓட்டி வீடு சேர்வது வீரம் அல்ல. லாரிக்காரரைக் கூப்பிடுங்கள்.

கட்டாயமில்லை என்றாலும் முதல் மாதத்திலேயே எம்ஓடி சோதனைக்கு விடுங்கள். உங்களுக்கோ விற்றவருக்கோ சார்பில்லாத ஒருவர் காரின் அடியில் நின்று பார்த்துச் சொல்வதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. எண்ணெய், குளிர்நீர், பிரேக் திரவம் மூன்றையும் மாற்றுங்கள். 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், 5% வரை மட்டுமே உள்ள உயர்தரப் பெட்ரோலைப் போடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஈயமில்லாப் பெட்ரோலுக்கேற்ற வால்வு சீட் பொருத்தப்பட்டுள்ளதா என்பது கோப்பில் இல்லையென்றால், ஈயத்துக்குப் பதிலாகப் பெட்ரோலில் கலக்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். எம்ஜி கார் கிளப்போ, எம்ஜி ஓனர்ஸ் கிளப்போ, ஒன்றில் சேர்ந்துவிட்டால் பக்கத்து ஊரிலேயே விவரமறிந்த ஒருவர் கிடைப்பார்.

சிலர் காரை இந்தியாவுக்கு அனுப்பும் ஆசையோடு ஏலத்துக்கு வருகிறார்கள். சுங்க வரி காரின் விலையையே விழுங்கிவிடக்கூடியது. அங்கே 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பழைய கார் பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். சென்னையில் தினமும் அலுவலகத்துக்கு எம்ஜிபியில் போகும் எண்ணம் இருந்தால், கை தூக்குவதற்கு முன்பே ஒரு சுங்க முகவரிடம் எழுத்துமூலமாகச் செலவுக் கணக்கு வாங்கிவிடுங்கள்.